அப்பாவின் காது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், அத்தான், அப்பா மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் "அக்கா, சுருக்கமா சொல்லு" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன். விஷயம் இரண்டு. ஒன்று, வீடு மாற்றும்போது நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன எஸ்.எல்.ஆர். கேமராவில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது. இன்னொன்று, அப்பாவின் கல்யாணம். எதை முதலில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு கிடக்கின்றன.

அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போவது உனக்குத் தெரியும். "அவர் இஷ்டம்" என்று நீ அங்கிருந்து இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாய். இங்கே இருந்து பார்க்கிறவள் நான். கடைவாய்ப் பல் ஒன்றைக் காட்டுவதற்காகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன், முன்னறையில் டோக்கன் கூப்பிடும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, அந்தப் பேச்சு பாதியில் நின்றதற்காக மறுபடி போய், அப்படிப் போவதற்குக் காரணம் வேண்டுமே என்று நன்றாக இருந்த பற்களையும் ஒவ்வொன்றாக டாக்டரிடம் காட்டி, கடைசியில் மேல்வரிசைக்குப் புதுப் பல்செட்டும் வீட்டுக்குக் கல்யாணப் பேச்சும் கொண்டுவந்து சேர்த்தார். போன மாதம் ஒரு காலையில் டீயை ஆற்றிக்கொண்டே, "பதிவு ஆபீஸ்ல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற போட்டோ கேக்குறாங்களாம். தம்பியோட கேமரா சும்மாதானே கெடக்கு, நீயே எடுத்துக் குடும்மா. நீ எடுத்தா எனக்கு நல்லாயிருக்கும்" என்றார். நான் உடனே சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். படம் வராத வரைக்கும் கல்யாணமும் வராது என்று கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் என் பிழைப்பையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். லேபிள் ஆலையில் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டிலில் ஒட்டுகிற லேபிள் ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் எடுத்துக் கழித்துப் போட்டே பழகிய கை இது. படம் வரக்கூடாது என்று ஒரு கை நினைக்கிறது. மோசமான படத்தைப் பொறுக்க முடியாது என்று இன்னொரு கை துடிக்கிறது. உன் கேமராவைப் பிடிக்க எப்படியும் இரண்டு கையும் வேண்டியிருக்கிறதே, என்ன செய்வது?

முதலில் கேமராவிலேயே மாட்டியிருந்த லென்சோடு ஆரம்பித்தேன். நம் வீட்டு ஹால் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும். சோபாவைப் போட்டு, அத்தான் கால் நீட்டினால் கதவு திறக்காது. அப்பாவை சோபாவின் இந்தக் கோடியிலும் அந்த அம்மாவை அந்தக் கோடியிலும் உட்கார வைத்தேன். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். அது மரியாதைக்கான இடம். இருவரும் படத்துக்குள் வரவில்லை என்று லென்ஸைச் சுற்றிச் சுற்றி அகலமாக்கிக்கொண்டு கிட்டே போனேன். படத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு மூக்கு மட்டும் தனியாகக் கிளம்பி முன்னால் வருகிறது. ஓரத்தில் இருந்த அந்த அம்மாவை யாரோ தோளைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறது. அதோடு இருவருக்கும் மஞ்சள்காமாலை. அந்த அம்மா படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் இவ்ளோ அகலமா இருக்கேன்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதே இல்ல" என்றார், ரொம்ப மரியாதையாக. அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அகலமா வெச்சுக்கிட்டு கிட்டப் போனா மூஞ்சி அப்படித்தான்கா இழுக்கும். லைட்டுக்கு ஏத்த மாதிரி கலரை மாத்து. பெரிய லென்ஸப் போட்டுத் தள்ளி நின்னு எடு" என்றாய். தள்ளி நில் என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறது, தள்ளி நிற்க எனக்கு வீடு இருக்கிறதா?

இருந்தாலும் அந்தப் பெரிய லென்ஸை மாட்டினேன். அது லென்சா, தண்ணிக் குழாயா என்றே தெரியவில்லை. ஹாலில் நின்று பார்த்தால் அப்பாவின் சட்டைப் பொத்தான் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிகிறது. வாசலுக்குப் போனேன், போதவில்லை. நடைபாதைக்குப் போனேன், அதுவும் போதவில்லை. எங்கள் ஹால் ஜன்னல் எதிர்க்கட்டிடத்து வக்கீல் வீட்டு பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும் என்பது ஞாபகம் வந்து, படியிறங்கி, தெருவைத் தாண்டி, படியேறி, அவர் வீட்டு மணியை அடித்தேன். "உங்க பால்கனியில நின்னு எங்க வீட்டுக்குள்ள கொஞ்சம் படம் எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டதும் அவர் என் கையிலிருந்த லென்ஸைப் பார்த்தார், எங்கள் ஜன்னலைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுக்காரர் விஷயமாம்மா? எவ்வளவு நாளா நடக்குது?" என்றார். இல்லை சார், எங்கள் அப்பா விஷயம் என்றேன். "அப்பாவா!" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. அவசரமாக அழுத்தியதில் கை ஆடி, எல்லாப் படத்திலும் ஓர் ஆளுக்கு இரண்டு தலை. ஆடாமல் வந்தது ஒன்றே ஒன்று. அதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நடுவில் விட்டிருந்த இடத்தைக் காணோம்! பக்கவாட்டில் அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்ததில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பதறிப்போய் ஓடிவந்து பார்க்கிறேன், சோபாவில் அவரவர் கோடியில்தான் இருக்கிறார்கள். உன் கேமரா பொய் சொல்கிறது என்று நான் போனில் சொன்னபோது, "அக்கா, வேணும்னே கெடுக்கிறியா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வியை நான் லேசில் மறக்க மாட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் மூன்றாவது லென்ஸை எடுத்தேன். பன் மாதிரி குட்டையாக ஒன்று இருக்கிறதே, "இருட்டுலயும் நல்லா எடுக்கும், எஃப் நம்பரை எவ்ளோ கொறைக்க முடியுமோ அவ்ளோ கொறை" என்று நீ பெருமையடித்துக்கொண்டது. சோபாவே வேண்டாம் என்று அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த அம்மாவை நாற்காலிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி நிற்க வைத்தேன். அது உன் அக்கா யோசித்து வைத்த ஏற்பாடு, குற்றம் சொல்லாதே. எடுத்த படமெல்லாம் கலங்கல். நான் கண்ணாடியைத் துடைத்தேன், லென்ஸைத் துடைத்தேன், அப்பா தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸின் ஓரத்தில் இருந்த சின்ன விசையை நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, "இது கையால ஃபோகஸ் பண்ற பக்கம் தள்ளியிருக்கும்மா. கேமரா என்ன பண்ணும் பாவம்?" என்று திருப்பிக் கொடுத்தார். அது பையிலிருந்து எடுக்கும்போது நகர்ந்திருக்கும், நான் தள்ளவில்லை. அவர் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்.

"அப்பா அம்மாவா?"

"அப்பா."

"அப்போ இவங்க?"

"பல் ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடுறவங்க."

அவர் இன்னும் இரண்டு படத்தை ஓட்டினார். பிறகு சொன்னார்: "எஃப் நம்பர் இவ்ளோ கம்மியா இருந்தா ஒருத்தர்தான் தெளிவா விழுவாங்க. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி நின்னா இன்னொருத்தர் கலங்கத்தான் செய்வாங்க. நம்பரை எட்டுக்கு ஏத்துங்க, வெளிச்சத்துக்கு ஜன்னல் பக்கம் வாங்க, ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல ஒரே வரிசையா வைங்க. ஆமா, ஏன்மா எல்லாப் படத்துலயும் நடுவுல இவ்ளோ எடம்?" கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. "எங்க வீடு பெருசு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விசை சரியான பிறகும் எஃப் நம்பரை நான் ஏற்றவில்லை. முன்பின் வைப்பதையும் மாற்றவில்லை. ஊரில் எவனோ சொன்னான் என்பதற்காக அந்த அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டுமா? அப்படியே எடுத்தேன். அப்பா தெளிவாக விழுந்தால் அந்த அம்மா ஆவி மாதிரி நிற்கிறார். அந்த அம்மா தெளிவாக விழுந்தால் அப்பா பனிமூட்டத்தில் இருக்கிறார். ஒரே ஒரு படம்தான் விசித்திரம். அப்பா யாரிடமோ பேசத் திரும்பியிருக்கிறார். அதில் மூஞ்சி கலங்கல், சட்டை கலங்கல், பின்னால் அந்த அம்மா சுத்தமாகக் கலங்கல். அப்பாவின் காது மட்டும் கத்தியால் வெட்டி ஒட்டிய மாதிரி தெளிவு. கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிசாக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம். தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அம்மா போன பிறகு அப்பாவின் காதில் முடி எப்படிப் புதராக வளர்ந்து கிடந்தது என்று? நான் பக்கத்திலேயே இருக்கிறேன், தினமும் டீ கொடுக்கிறேன், ஒரு நாள்கூட "அப்பா, காதுல முடி வெட்டிக்கோங்க" என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அதெல்லாம் மகள் சொல்கிற பேச்சா? அந்தப் படத்தில் ஒரு முடிகூட இல்லை. சுத்தமாக, பொறுமையாக, காதின் மடிப்பு மடிப்பாகப் பார்த்து யாரோ வெட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை. நான் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அத்தான் வந்து, "என்ன, காதுக்கு லேபிள் ஒட்டப் போறியா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

அதற்காக நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. காது வேறு, கல்யாணம் வேறு. அந்த அம்மா நல்லவர்தான், அதுதான் சங்கடம். சண்டைக்காரியாக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். நாளைக்கு அவர் இந்த வீட்டுக்குள் வந்தால் அம்மா வைத்த இடத்திலேயே இன்றும் நான் வைத்திருக்கும் சாமான்களை எல்லாம் யார் எங்கே வைப்பது? அலமாரிச் சாவியை நான் கொடுப்பதா, அவர் கேட்பதா? யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆகவே நீ உடனே லீவு போட்டுப் புறப்பட்டு வர வேண்டும். அப்பாவிடம் ஆம்பிளைக்கு ஆம்பிளை பேசி இதைக் கொஞ்ச காலமாவது தள்ளிப் போட வேண்டும். போகும்போது இந்த ஓட்டைக் கேமராவையும் மூன்று லென்சுகளையும் எடுத்துக்கொண்டு போய்விடு. இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் படம் எடுக்கப்போவதில்லை.

நீயும் உன் மனைவியும் சளி இருமல் அண்டாமல், வீட்டுக்காரர் வாடகை ஏற்றாமல், நினைத்தது நினைத்த நேரத்தில் கைக்கு வந்து, மனநிறைவோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: மேலே இருப்பது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இதை எழுதி ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுக் கவர் தேட உள்ளே போனேன். திரும்பி வந்தால் அப்பாவும் அந்த அம்மாவும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! அப்பாவிடம் மூக்குக்கண்ணாடி இல்லை, அவர்தான் மெதுவாக வாசித்துக் காட்டுகிறார். வக்கீல் வீட்டுக் கட்டம் வந்ததும் அப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார், அந்த அம்மாவுக்கும் சிரிப்பில் வாசிக்கவே முடியவில்லை. நான் கத்தியிருக்க வேண்டும். கை என்னைக் கேட்காமல் கேமராவை எடுத்து, எஃப் எட்டு வைத்து, அழுத்திவிட்டது. இருவரும் அப்படித் தெளிவு, இமை முடியை எண்ணலாம். சத்தம் கேட்டு அந்த அம்மா நிமிர்ந்து, "சோபாவுல நடுவுல எடம் விட்டது நீங்கதானா? நான் அவருதான் தள்ளி உக்கார்றார்னு இத்தனை நாளா வருத்தத்துல இருந்தேன்" என்றார். டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். சர்க்கரை போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. வாயைத் திறந்து சிரிக்கிற படம் ஆபீசுக்கு ஆகாதாம், அதற்கு மறுநாளே ஸ்டூடியோவில் எடுத்தாயிற்று. அதில் அப்பா போலீஸ் தேடுகிற ஆள் மாதிரியும், சித்தி அவரைப் பிடித்துக் கொடுத்தவர் மாதிரியும் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் அப்பா விடவில்லை, இப்படியே அனுப்பச் சொல்கிறார். நீ லீவு போட்டு வா, ஆனால் நிறுத்துவதற்கு அல்ல, சாட்சிக் கையெழுத்துக்கு. கேமராவை எடுத்துப்போகிற நினைப்போடு வராதே. சித்தி உனக்குச் சட்டை எடுக்க அளவு கேட்கிறார், உடனே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அத்தான் அளவுக்கே எடுத்துவிடுவார், பிறகு அதை நீயும் உன் மனைவியும் சேர்ந்துதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.