நேற்று வந்திருக்க வேண்டும்

மே மாதத்தில், அமெரிக்காவில் உள்ள எங்கள் ஈரி ஏரிக்கரைக்கு இரண்டு இனங்கள் வந்து சேரும். ஒன்று கதிர்க்குருவி. கட்டைவிரல் பருமன் உடம்போடு ராத்திரி முழுக்கப் பறந்து, ஏரியைத் தாண்டும் முன் மூச்சு வாங்கிக்கொள்ள வில்லோ மரங்களில் இறங்கும். மற்றது, ‘நேற்று வந்திருக்க வேண்டும்’ என்பவர். குருவியைப் பார்க்க நீங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும். இவரைத் தேட வேண்டியதில்லை. அவரே வந்துவிடுவார்.

அடையாளம் எளிது. தொப்பி நிறையப் பித்தளை வில்லைகள், பைக்கு மேல் பை வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை, உங்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிய பைனாகுலர். நீங்கள் காரிலிருந்து காலை எடுத்துக் கீழே வைப்பதற்குள் அவர் முகத்தில் ஒரு துக்கம் படரும். அது உங்களுக்கான துக்கம். விடியற்காலையில் வந்தீர்களா, முந்தின நாள் சாயங்காலம் பிரமாதமாக இருந்திருக்கும். சாயங்காலம் வந்தீர்களா, விடியற்காலையில் மரமெல்லாம் குருவியாக இருந்திருக்கும். வாரம் முழுக்கக் கூடாரம் போட்டுக் கொசுக்கடியோடு கிடந்தீர்களா, அப்படியானால் போன வருடம். பொய் சொல்கிறாரா? இல்லை. அதுதான் கொடுமை. எல்லாவற்றையும் நிஜமாகவே பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்குப் பார்த்ததில் பாதி சந்தோஷம்தான். மீதி, நீங்கள் பார்க்காததில் இருக்கிறது.

எங்கள் கரையில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி வெர்லின் ஸ்டோல்ட்ஸ். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம், பதில் வராது என்ற தைரியத்தில் வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகியவர். சதுப்பின் மேல் போட்டிருக்கும் மரப்பாதையில், இரண்டு பேர் உரசாமல் போக முடியாத வளைவு ஒன்று உண்டு. அங்கேதான் நிற்பார்.

போன மே மாதம் ஆர்டித் என்ற பெண்மணி அவரிடம் மாட்டினார். அயோவாவிலிருந்து வருடாவருடம் வருபவர். கர்ட்லண்டு என்ற அபூர்வக் கதிர்க்குருவி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மிச்சிகன் பைன் காடுகளுக்குப் போகிற வழியில் எப்போதாவது ஒன்று இங்கே தங்கும். ஆர்டித் வருகிற நாளில் தங்கியதில்லை. அடுத்த மாதம் கணவனும் மனைவியும் மகள் வீட்டோடு இருக்க அரிசோனாவுக்குக் குடிபோகிறார்கள். இனி இந்தக் கரை கிடையாது. அன்றோடு சரி. கணவர் மெர்ல் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு வந்து நின்றார்.

“ஆர்டித், மத்தியானத்துக்குள்ள கிளம்பலைன்னா சிகாகோ டிராஃபிக்ல மாட்டிப்போம்.”

“நீ போய் இன்னொரு டோனட் தின்னு.”

“மூணு தின்னாச்சும்மா.”

இதற்குள் வெர்லின் வந்துவிட்டார்.

“கர்ட்லண்டா? அடடா! நேத்து வந்திருக்கணும் நீங்க.”

“நேத்தும் இங்கேதான் இருந்தேன்” என்றார் ஆர்டித்.

“எத்தனை மணிக்குப் போனீங்க?”

“இருட்டினப்புறம்.”

“நடுவுல சாப்பிடப் போயிருப்பீங்களே?”

ஆர்டித் போயிருந்தார். ஒரு சாண்ட்விச். வெர்லின் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அந்த சாண்ட்விச்சுக்கு அவர் செலுத்திய அஞ்சலி அது. பிறகு கைப்பிடிச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, பறவை பார்க்கக் கூடியிருந்த எங்கள் பக்கம் திரும்பி, நேற்றைய குருவியை வர்ணிக்க ஆரம்பித்தார். சாம்பல் முதுகு, எலுமிச்சை மஞ்சள் நெஞ்சு, விலாவில் கறுப்புக் கோடுகள், நிமிஷத்துக்கு நிமிஷம் வாலைக் கீழே ஆட்டுகிற அழகு.

வால் வரைக்கும் வந்தபோது அவர் தொப்பிக்குப் பின்னால், கை எட்டும் கிளையில் அது வந்து உட்கார்ந்தது. சாம்பல் முதுகு. மஞ்சள் நெஞ்சு. வாலை ஆட்டியது.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. அபூர்வப் பறவை பக்கத்தில் வந்தால் கை நீட்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அதை மீறிய ஒரு கல்லூரிப் பையனை முந்தின வாரம்தான் வெர்லின் பாதையை விட்டே விரட்டியிருந்தார். நாங்கள் விதியை மதித்தோம். கூட்டம் சிலையானது. இப்படி ஒரு சபை வெர்லினுக்கு வாய்த்ததே இல்லை. குரலைத் தாழ்த்திக் குழைந்தார். ஆர்டித்தின் கண்கள் நிரம்பி வழிவதைப் பார்த்ததும் வர்ணனையை நிறுத்தி ஆறுதல் சொன்னார்.

“அழாதீங்கம்மா. எல்லாருக்கும் கொடுத்து வைக்காது.”

குருவி ஒரு புழுவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மெர்ல் மனைவியைத் தூக்கிச் சுற்றினார். மரப்பாதை அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிக்கொண்டார்கள். வெர்லின் அகப்பட்ட சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“என்ன? என்னய்யா ஆச்சு?”

“நீங்க சொன்ன மாதிரியேதான் சார்” என்றார் ஆர்டித், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “வாலை என்னமா ஆட்டுது!”

“எது? எங்கே?”

“உங்க தொப்பிக்கிட்ட.”

வெர்லின் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். பாவம், உள்ளேயும் பார்த்தார்.

ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் அழிவதில்லை. மத்தியானம், அயோவா கார் போய் வெகுநேரம் ஆன பிறகு, அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை வெர்லின் நிறுத்தி வைத்திருந்தார்.

“காலையில வந்திருக்கணும். நான் விவரிக்க விவரிக்க வந்து உக்காருது! ஒரு அம்மா அழுதே விட்டாங்க.”

“கிட்டத்துல பார்த்தீங்களா?” என்றாள் அந்த வீட்டுச் சிறுமி.

“என்னைவிடக் கிட்டத்துல யாருமே இல்லை” என்றார் வெர்லின். சத்தியமான வார்த்தை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்து, ஆற்றங்கரையில் நின்ற நண்பரிடம், “போன மாசம் தண்ணி வந்தப்ப பார்த்திருக்கணும்” என்று கை விரித்து விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, உங்கள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். உங்கள் பேச்சில் சொக்கிப்போய்விட்டார் என்றுதானே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?