மூணாம் நம்பர் வீட்டு வாடகை

கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பூபாலன் மூன்று தடவை படித்தான். மூன்று தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

'மூணாம் நம்பர் வீடு. ரெண்டு மாச வாடகை பாக்கி ஒன்பதாயிரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டவும். இல்லாவிட்டால் காலி செய்யவும். இப்படிக்கு, வீட்டுக்கு உரியவர்.'

சீட்டின் நாலு மூலையிலும் நாலு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்கள் தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அது. வீரபாண்டியில் அந்தச் சந்தில் பாதிப் பெண்கள் செக்கிங் வேலைக்குத்தான் போகிறார்கள். பசை, ஆணி, குண்டூசி எல்லாவற்றுக்கும் பதில் அங்கே அந்த ஸ்டிக்கர்தான். நாலு அம்பும் நடுவில் இருந்த ஒன்பதாயிரத்தையே காட்டின.

பூபாலன் சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்தான். வெள்ளிக்கிழமை, மணி ஆறரை. தமிழ்மதி ஏழு மணிக்கு வந்துவிடுவாள். அவன் பெண்டாட்டி. அவளும் செக்கிங்தான்.

ஒன்பதாயிரம் எங்கே போனது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ஷேரில் போனது.

மாசம் அஞ்சாம் தேதி தமிழ்மதி நாலாயிரத்து ஐந்நூறை அவன் கையில் கொடுப்பாள். அதை அவன் முதல் வீட்டுச் செல்லத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆறு வீடு கொண்ட அந்த லைனுக்கு வாடகை வாங்கி வைப்பது செல்லத்தாய்தான். வீட்டுச் சொந்தக்காரி ராமாத்தாள் கணியூரில் தோப்போடு இருந்தாள். செல்லத்தாய் வீடு இருபதடி தூரம். தமிழ்மதியே கொடுத்துவிடலாம். பூபாலன் விடமாட்டான். வாடகையை ஆம்பளைதான் கொடுக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. சம்பளக் கவரைச் சனிக்கிழமை பிரிக்காமல் அவளிடம் நீட்டுகிறவனுக்கு இந்த ஒரு கொள்கைதான் மிச்சம்.

தீபாவளி போனஸ் நாற்பதாயிரம் வந்தபோதுதான் அவனுக்கு வேகம் வந்தது. ஒரே வருசம். ஷேரில் போட்டு, பெருக்கி, இந்த லைன் வீடு ஆறையும் வாங்கிவிடுவது. வாடகை கொடுக்கிற கை வாடகை வாங்கும். தமிழ்மதியிடம் சொல்லவில்லை. போஸ்ட் ஆபீஸில் போட்டிருப்பதாகச் சொன்னான்.

பூபாலன் கட்டிங் மாஸ்டர். துணியைத் தடவிப் பார்த்தே எடை சொல்வான். ஆனால் ஷேரைத் தடவ முடியாது. அதனால் காதர்பேட்டை பனியன் சந்தையின் வழியில் போனான். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கிடைக்கும். ஐந்நூறு ரூபாய் டி-சர்ட், ஒரு தையல் பிசகியதற்காக அறுபது ரூபாய்க்குக் குவிந்து கிடக்கும். விவரம் தெரிந்தவன் குவியலாக எடுப்பான். போனில் பார்த்தால், தொண்ணூறு ரூபாய்க்குப் போன ஒரு ஷேர் நாலு ரூபாய்க்குக் கிடந்தது. சின்னப் பிசகாகத்தான் இருக்கும் என்று பூபாலன் பத்தாயிரம் பீஸ் எடுத்தான். ஆமாம், பீஸ் என்றுதான் சொன்னான்.

நாலு மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று. விலை இறங்கினால் காதர்பேட்டையில் இன்னும் எடுப்பார்கள். அவனும் எடுத்தான். அதற்குத்தான் இரண்டு மாச வாடகை. இப்போது ஒரு ரூபாய் பத்து பைசா. விற்கலாம் என்று பார்த்தால் வாங்க ஆளில்லை. காதர்பேட்டையில் எதுவும் விற்காவிட்டால் கிலோ கணக்கிலாவது போகும். ஷேரை எடை போட்டு எடுக்க ஆளில்லை.

அவன் செல்லத்தாய் வீட்டுக்கு ஓடினான். அவள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. அவள் புருசன் முனீஸ், பூபாலனோடு ஒரே கட்டிங் டேபிள்.

"வாங்க அண்ணாச்சி. சீட்டைப் பாத்தியளா?"

"மெதுவாப் பேசுங்க. அது யாருங்க ஒட்டுனது?"

"நான்தான். ஒட்டச் சொன்னாக, ஒட்டுனேன்."

"இன்னும் ஒரு மாசம் டைம் கேளுங்களேன்."

"நான் கேட்டுப் பாத்துட்டேன். வீட்டுக்காரம்மா ரொம்பக் கண்டிப்பு. ரெண்டு மாசமா வாடகை வரலன்னு மனசு வெறுத்துப் போயிருக்காக."

"நான் நேர்ல பேசுனா?"

செல்லத்தாய் ஒரு பாவாடையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"பேசிப் பாருங்க. உங்க மேல அவியளுக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு."

"என்னை அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியும்."

பூபாலனுக்குப் பெருமையாக இருந்தது. கணியூர் வரை பேர் போயிருக்கிறது.

தமிழ்மதி ஏழு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கதவைப் பார்த்தாள்.

"கதவுல என்னுங்க, பெயின்ட் உரிஞ்சிருக்குது?"

"வெயிலு."

"நாலு மூலையா உரிஞ்சிருக்குதுங்க."

"நாலு பக்கமும் வெயிலடிக்குது."

அவள் உள்ளே போய் டம்ளரைக் கழுவினாள்.

"ஏனுங்க, இந்த மாச வாடகை குடுத்தாச்சுங்களா?"

"குடுத்தாச்சு."

"போன மாசம்?"

"அதும் குடுத்தாச்சு. என்ன புள்ள, போலீஸாட்டக் கேக்கற?"

"ரசீது வாங்குனீங்களா?"

"இருபதடி தூரத்துல இருக்கற பொம்பளகிட்ட ரசீதா? நான் கேட்டா அவங்க என்ன நெனப்பாங்க?"

"வாங்கிக்கோங்க. எதுக்கும் இருக்கட்டுமுங்க."

பூபாலனுக்கு நிம்மதி வந்தது. நிம்மதி வந்தால் அவனுக்கு உபதேசமும் வந்துவிடும்.

"மதி, வாடகை குடுக்கறதே நொய்யல் ஆத்துல காசக் கொட்டற மாதிரி. பணம்னா அது வேலை செய்யோணும். தூங்கக் கூடாது."

"தூங்கட்டுமுங்க, பாவம். அது வர்றதுக்குள்ள நாம படற பாடு."

"உனக்கு முதலீடுன்னா என்னன்னு தெரியுமா?"

"இல்லீங்க. நீங்க சொல்லுங்க."

அரை மணி நேரம் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கக் கொண்டாந்து காட்டுங்க, பாத்தா எனக்குப் புரியும்" என்றாள். அங்கே பிரின்ட் போடுற மிஷின் ரிப்பேர் என்றான். மூணு மாசமாகவா என்றாள். பெரிய மிஷின் என்றான்.

சனிக்கிழமை லீவு போட்டான். கம்பெனிக்குப் போவதாக டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, பல்லடம், உடுமலை தாண்டி எழுபது கிலோமீட்டர் பைக் ஓட்டிக் கணியூர் போனான். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. இருக்கிற டீக்காசு அதற்குத்தான் சரியாக இருந்தது.

ராமாத்தாள் தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயசு. எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்று கையாலேயே இரு என்று காட்டினாள். நூற்றிருபது வரை பூபாலன் வெயிலில் நின்றான்.

"சொல்லு கண்ணு."

"வீரபாண்டி லைன் ஊடுங்க. மூணாம் நம்பருங்க."

"கொழா ஒழுகுதா?"

"இல்லீங்க. வாடகை சமாச்சாரமுங்க. ரெண்டு மாசம் நின்னு போச்சு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணி..."

"மூணாம் நம்பருக்கு நான் எங்க கண்ணு வாடகை வாங்கறேன்?"

பூபாலனுக்குக் கண் கலங்கியது. இப்படியும் மனுசர்களா.

"உங்க பெரிய மனசுங்க."

"மனசெல்லாம் இல்ல. பெரிய தொகை. ரெண்டு லட்சம் வாங்கிட்டு அந்த ஊட்டைப் போக்கியத்துக்கு உட்டு மூணு வருசமாச்சு. அத வெச்சுத்தான் இந்த போர் கெணறு போட்டேன். அந்த ரெண்டு லட்சத்தை நான் திருப்பிக் குடுக்கற வரைக்கும் ஊடு அந்தப் புள்ளையோடது. அவளே குடியிருக்கலாம், வாடகைக்கும் உடலாம். எனக்கென்ன."

"எந்தப் புள்ளைங்க?"

"செக்கிங் போற புள்ள. பேச்சே கெடையாது. ஆனா பத்திரத்தை ஒரு வரி உடாமப் படிச்சா. ஒரு எடத்துல கூரைன்னு இருக்கோணும், எழுதுனவன் விட்டுட்டான். அந்த எடத்துல இத்துனூண்டு செவப்பு அம்பு ஒட்டிக் குடுத்தா பாரு. நான் மெரண்டு போயிட்டேன்."

பூபாலன் சட்டைப் பையைத் தொட்டான். சீட்டு இருந்தது. நாலு அம்பும் இருந்தன.

"பேருங்க?"

"தமிழ்மதி. போன வருசம் நாலாம் நம்பரையும் எடுத்துட்டா. தெரிஞ்ச புள்ளையா கண்ணு?"

"கொஞ்சம் தெரியுமுங்க."

"நல்ல புள்ள. வாச்ச புருசன்தான் ஒரு மாதிரியாமா. கையில காசு நிக்காதாமா. மாசாமாசம் வாடகைன்னு புடுங்கித்தான் சேத்தோணும்னு சொல்லுச்சு. என்ன, மைசூர்பாகு எனக்கா?"

அவனுக்குத்தான் தேவைப்பட்டது. ஆனாலும் கொடுத்துவிட்டான்.

திரும்பி வருகிற எழுபது கிலோமீட்டரும் பூபாலன் வசனம் பேசிப் பார்த்தான். பல்லடம் வரைக்கும் நல்ல சூடாக இருந்தது. வீரபாண்டி பிரிவில் திரும்பும்போது ஆறிவிட்டது. தமிழ்மதி மதியத்தோடு வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கீங்க போய்ட்டு வாரீங்க?"

"கணியூரு."

"ரொம்பத் தூரமுங்களே. டிபன் பாக்ஸுல இருந்ததச் சாப்பிட்டீங்களா?"

"நீதான் வீட்டுக்காரியா?"

"போக்கியக்காரிங்க. வீடு அவங்களோடதுதான்."

"மூணு வருசமா கட்டுன புருசன்கிட்ட வாடகை வாங்கியிருக்கற."

"நாலாயிரத்து ஐந்நூறுங்க. அக்கம்பக்கமெல்லாம் ஆறாயிரம் ஆயிருச்சு. நான் ஏத்தல."

"அந்தக் காசெல்லாம் எங்க?"

அவள் கீரைக் காம்பால் பக்கத்து வீட்டைக் காட்டினாள். அங்கே நாலு ஒடிசாப் பையன்கள் பனியன் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வாடகையும் என்ற ஏலச்சீட்டுப் பணமும் சேந்து நாலாம் நம்பருங்க. அவங்க மாசம் ஆறாயிரம் தர்றாங்க. அது அஞ்சாம் நம்பருக்குச் சேருது."

"மொத ரெண்டு லட்சம்?"

"எங்கம்மா ஊட்டுல போட்ட அஞ்சு பவுனு. வித்துட்டனுங்க."

பூபாலன் பாய்ந்தான். எழுபது கிலோமீட்டரில் கிடைக்காத வசனம் இப்போது கிடைத்தது.

"தங்கத்தையா வித்த? இன்னிக்கு அது ரெண்டு மடங்குக்கு மேல, தெரியுமா? வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவள் யோசித்தாள்.

"ஆமாங்க. அது தப்புதானுங்க. பாதியாவது வெச்சிருக்கோணும்."

ஒப்புக்கொண்டுவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் ஜெயித்தது இந்த ஒரு தடவைதான். அதை நாலு நிமிசம் அனுபவிக்கலாம் என்று பார்த்தான்.

"உங்க ஷேர் எத்தனைல நிக்குதுங்க?"

"எந்த ஷேரு?"

"பத்தாயிரம் பீஸு. அப்பறம் மேல ஒம்பதாயிரத்துக்கு. முனீஸண்ணன் உங்க பேச்சைக் கேட்டு மூவாயிரம் போட்டாராமா. செல்லத்தாயக்கா அவரை ஒரு வாரம் ஊட்டுக்குள்ள சேத்தல."

பூபாலன் வாசல்படியில் உட்கார்ந்தான். கீரையில் ஒரு கொத்தை எடுத்து அவனும் ஆய ஆரம்பித்தான். அவள் அதை வாங்கி, அவன் போட்ட காம்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி அவனிடம் கொடுத்தாள்.

"இப்ப என்ன புள்ள, நெசமாலுமே காலி பண்ணச் சொல்றயா?"

"சீட்டுல எழுதியிருக்குதுங்களே."

"நான் எங்க போறது?"

"போக வேண்டாமுங்க. டீக்காசு வாரம் முந்நூறு தர்றனில்ல, அதுல நூத்தம்பது புடிச்சுக்கறேன். அறுவது வாரத்துல தீந்துரும்."

"அப்ப ஷேரு?"

"அது கெடக்கட்டுமுங்க. எப்பவாச்சும் ஏறுனா எனக்கும் சொல்லுங்க."

அவனுக்கு இதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் இருந்தது.

"நீ எங்கிட்ட மறைச்சுட்ட மதி. ஒரு வார்த்தை சொல்லல. நான் மறைச்சது மூணு மாசம். நீ மூணு வருசம்."

தமிழ்மதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதல் வீட்டுக்குப் போய்ச் செல்லத்தாயிடம் ஒரு நீளமான புத்தகத்தை வாங்கி வந்து அவன் மடியில் வைத்தாள். ரசீதுப் புத்தகம். முப்பத்துநாலு ரசீது, ஒன்றுகூடக் கிழிக்காமல் இருந்தது. ஒவ்வொன்றிலும் அழகாக எழுதியிருந்தது. பெற்றது: பூபாலனிடமிருந்து. கீழே, பெற்றவர்: தமிழ்மதி. முழுக் கையெழுத்து.

"மாசாமாசம் எழுதி அக்காகிட்டக் குடுத்துட்டுத்தானுங்க இருந்தேன். நீங்க கேட்டாக் கிழிச்சுக் குடுங்கன்னு சொல்லியிருந்தேன்."

முதல் வீட்டு வாசலிலிருந்து செல்லத்தாய் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பூபாலன் கடைசி ரசீது வரைக்கும் புரட்டினான். அதற்கப்புறம் இரண்டு பக்கம் காலியாக இருந்தது. காலிப் பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அம்பு.

அஞ்சாம் தேதி பணத்தைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். ரசீது வாங்கிட்டு வாங்க என்பாள். மூணு வருசமாகச் சொன்னாள். அவன் ஒரு மாசம்கூட வாங்கவில்லை.