சித்தருக்கு ஒரு மரண அறிவித்தல்

கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் விடியும் முன்பே வரிசை நிற்கும். சிலர் கையில் மடிக்கணினி, சிலர் கையில் வைஃபை பெட்டி. ஒருவர் அச்சு இயந்திரத்தையே முச்சக்கர வண்டியில் ஏற்றிவந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார். எல்லாம், படுத்த கணினியை மந்திரத்தால் எழுப்புகிறவர் என்று பேரெடுத்த சேர்வர் சித்தரின் ஒரு சிட்டிகை திருநீற்றுக்காக. இணையத்தில் சேலை விற்பவர், நகை விற்பவர், மத்தியானச் சாப்பாடு விற்பவர் என்று கொழும்பில் இணையத்தளம் வைத்திருந்த பாதிப்பேர் அங்கே நின்றார்கள். மீதிப் பாதிக்கு முகவரி கிடைக்கவில்லை.

வெள்ளவத்தை சாந்தகுமாருக்குக் கிடைத்தது. அவரிடம் கணக்கெழுதும் மேபல் கொட்டாஞ்சேனைக்காரி.

காலி வீதியோரம் இரண்டாம் மாடியில் சாந்தகுமார் நடத்துவது 'இறுதிமடல்' என்ற மரண அறிவித்தல் இணையத்தளம். இறந்தவரின் படம், உறவுகளின் பெயர், கிரியை நடக்கும் நேரம் எல்லாம் அதில் வரும். லண்டன் மச்சாளும் ரொறன்ரோ மகனும் அதைப் பார்த்துத்தான் அழுவார்கள். ஆனால் சனிக்கிழமை பின்னேரமானால் தளம் விழுந்துவிடும்.

தளத்தைக் கண்காணிப்பது துஷ்யந்தியின் வேலை. அவளுடைய மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு தடவை தளத்தின் கதவைத் தட்டி, "இருக்கிறாயா?" என்று கேட்கும். 200 என்று பதில் வந்தால் சுகம். 503 என்று வந்தால், "ஏலாது, பிறகு வா." காரணமும் அவளுக்குத் தெரியும். சனி பின்னேரம் லண்டன் சாப்பிட்டு முடித்து, ரொறன்ரோ படுக்கை விட்டு எழும்பி, இரண்டும் ஒரேயடியாக உள்ளே நுழையும். ஒற்றைச் சேர்வர் மூச்சுத் திணறிப் படுத்துவிடும். கூட்டம் கலைந்ததும் தானே எழும்பும்.

"இன்னொரு சேர்வர் வாடகைக்கு எடுத்தால் சரி, சேர்."

"இதுக்கு மேல ஏதோ ஒண்டு இருக்கு, பிள்ளை" என்றார் சாந்தகுமார்.

அந்த ஏதோ ஒன்றைச் சித்தர் வந்தவுடன் கண்டுபிடித்தார். "சனிப் பிணம் தனிப் போகாது! சனிக்கிழமை செத்தவன் துணைக்கு ஆள் தேடுவான். அதுக்குத்தானே பாடையில கோழி கட்டுறீங்க? வெப்சைட்டுக்கு யார் கோழி கட்டினது? அதான் சேர்வரைக் கூட்டிக்கொண்டு போறான்!"

சாந்தகுமாருக்குப் புல்லரித்தது. அன்றிலிருந்து சனிதோறும் ஒரு சேவல் வந்தது. குளிரூட்டிய சிறு அறையில் மினுங்கிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, பக்கத்தில் சேவலைக் கட்டினார்கள்.

"சேர், அது வாசல் கமரா பதியிற பெட்டி. எங்கட சேர்வர் சிங்கப்பூரில இருக்கு" என்றாள் துஷ்யந்தி.

"பெட்டி பல, ஆத்மா ஒண்டு, தங்கச்சி" என்றார் சித்தர். சிங்கப்பூர்வரை சந்தனம் மணந்திருக்கும்போலும்.

பூசைக்கு ஒரு விதி உண்டு. எல்லோருடைய கைபேசியும் தட்டத்தில் குப்புறக் கிடக்க வேண்டும். நம்பிக்கையில்லாத திரை தீட்டாம். மந்திரம் முடிந்ததும் சித்தர் தன் கைபேசியை உயர்த்துவார். அதில் இறுதிமடல் பளிச்சென்று திறந்திருக்கும். மற்றவர்களின் கைபேசியில் இன்னும் 503 தெரிந்தால், அது அந்தக் கைபேசியின் தோஷம். பிறகு சேவலும் அவரும் முச்சக்கர வண்டியில் போவார்கள். சேவல் எந்த உலகம் சேர்ந்தது என்பது சித்தர் வீட்டுச் சட்டிக்குத்தான் தெரியும்.

நாலாம் சனி சித்தர், "எழுப்புறவனுக்குப் படுக்க வைக்கவும் சக்தி இருக்கு" என்று பெருமையடித்துவிட்டுப் போனார். சாந்தகுமார் சொன்னார்: "பிள்ளை, அடுத்த மாசத்திலிருந்து சித்தரே தளத்தைப் பார்ப்பார். நீர் வேற இடம் தேடும்."

துஷ்யந்தி அழவில்லை. சித்தரின் திரையில் முதலாவதாக இருந்த அறிவித்தலை மட்டும் யோசித்தாள். அது முந்தின நாள் போட்டது. அன்று காலை அவளே போட்ட அறிவித்தலை அதில் காணவில்லை.

அடுத்த சனிக்கு முன் தன் கைக்காசில் இன்னொரு சேர்வரை வாடகைக்கு எடுத்து இணைத்தாள்.

பின்னேரம் சித்தர் படியேறும் சத்தம் கேட்டதும் துஷ்யந்தி தளத்தில் ஓர் அறிவித்தலைப் போட்டாள். சித்தர் வந்தார். தட்டத்தில் கைபேசிகள் குப்புற விழுந்தன. சித்தர் கண்ணை மூடினார். "விழுந்துட்டுது! போறான், கூட்டிக்கொண்டு போறான்!" மணி அடித்தது. சேவல் கூவியது. மேபல் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் சித்தர் கைபேசியை உயர்த்தினார். "எழும்பிட்டுது!"

"சித்தரே, முதலாவது அறிவித்தலைக் கொஞ்சம் வாசியுங்கோ" என்றாள் துஷ்யந்தி.

"திருமதி பாக்கியலெட்சுமி, ஹெவ்லொக் டவுன்..."

"சேர், இப்ப உங்கட போனில பாருங்கோ."

சாந்தகுமார் பார்த்தார். முதலாவதாக மாலை போட்ட படம். கீழே: 'சேர்வர் சித்தர் எனப்படும் கிருபாகரன், கொட்டாஞ்சேனை.'

"தளம் இண்டைக்கு விழவேயில்லை, சேர். காலையிலிருந்து ஒவ்வொரு நிமிசமும் 200. விழாததை எழுப்பியிருக்கிறார். அவர் காட்டுறது தளத்தை நேற்றே போனில பிடிச்சு வைச்ச படம்."

சித்தர் சாந்தகுமாரின் கைபேசியைப் பறித்துப் பார்த்தார். முகம் திருநீற்றைவிட வெளுத்தது.

"என்னையா? சனிக்கிழமையிலயா? எடு! எடு இதை!"

"போன கிழமை, தளத்தைப் படுக்க வைக்கவும் தனக்குச் சக்தி இருக்கெண்டு சொன்னவர்" என்றாள் துஷ்யந்தி. "படுக்க வையுங்கோ, சித்தரே. தளம் விழுந்தால் உங்கட படமும் போயிடும்."

சித்தர் மந்திரத்தைத் தொடங்கினார். இம்முறை உண்மையாகவே பக்தியோடு. தளம் அசையவில்லை. படத்தின் கீழே யாரோ நோர்வேயிலிருந்து அஞ்சலிக்குத் திரை மெழுகுதிரி ஏற்றினார்கள். சித்தரின் கைபேசி அலறியது. எடுத்ததும் அவர் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எங்க நிக்கிறீங்க? செத்துட்டீங்கன்னு போட்டிருக்கு! வாசல்ல சனம், பந்தல்காரன் வேற வந்துட்டான்!"

சித்தர் கமரா பெட்டியைப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். பிறகு துஷ்யந்தியின் மேசையடிக்கு வந்து கையைக் கூப்பினார்.

"தங்கச்சி... அந்த அழிக்கிற பட்டனை அமத்து. மந்திரத்தில ஒண்டுமில்ல. கும்பிடுறன், அமத்து."

அமத்தினாள். படம் மறைந்தது. சித்தர் படியிறங்கி ஓடினார், முதன்முறையாகச் சேவல் இல்லாமல்.

சாந்தகுமார் சேவலின் கட்டை அவிழ்த்துவிட்டார். "அந்த ரெண்டாவது சேர்வர்... அது நிக்கட்டும். நீரும் நில்லும், பிள்ளை" என்றார்.

மறுநாள் காலை மேபல் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசினாள். "துஷ்யந்தி, ஒழுங்கையில வரிசை ரெண்டு மடங்கு! செத்து எழும்பின சித்தரைப் பார்க்கவாம்!"

சேர்வர் நல்ல பிறவி. விழுந்தால், விழுந்தேன் என்று 503 சொல்லும். மூளை விழுந்தால் எந்த அறிவித்தலும் வராது. அவரவர்தான் தலையைத் தட்டி அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டும்: இருக்கிறாயா?