தேயக் கூடாத காதுக் கருவி

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி இந்தத் தீவில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை கூரைக்கு ஒரு தறப்பாள், ஒரு அலுமினியப் பானை, ஒரு மனைவி. அதிலிருந்து நான் உண்டாக்கியவை இரண்டு படகுகள், ஒரு ஐஸ் அறை, மாபிள் பதித்த வீடு, அந்தோனியார் கோயிலுக்கு மதில் (வடக்குப் பக்கம் மட்டும்). படித்தது மூன்றாம் வகுப்பு. நான் நின்றுவிட்டேன் என்று பள்ளிக்கூடம் அழவில்லை. எல்லாவற்றையும் கட்டியெழுப்பிய என்னால் என் காதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. படகு எஞ்சின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

மகளும் மருமகன் ரெஜியும் கொழும்பில் ஒரு சோடி காதுக் கருவி வாங்கித் தந்தார்கள். விலையை என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே விலை விளங்கியது. ரெஜி அதற்குக் காப்புறுதியும் செய்தான். காப்புறுதிக்காரத் தம்பி வீட்டுக்கு வந்து என் காதுக்குள் கத்தினார்.

"ஐயா, துலைஞ்சாக் காசு வரும். உடைஞ்சாலும் வரும். ஆனால் பாவிச்சுப் பாவிச்சுத் தேஞ்சு போனா ஒண்டும் தரமாட்டம்."

அன்றைக்குப் பிடித்த பயம். கருவி காதில் உராயும், உராய்ந்தால் தேயும், தேய்ந்தால் அவ்வளவும் நட்டம். ஆகவே அதைத் தேயவிடாமல் காக்க உலகத்திலேயே சிறந்த வழியை நான் கண்டுபிடித்தேன். போடவேயில்லை. மகள் வரும் நாட்களில் மட்டும் போட்டேன்.

ஒரு நாள் மகள் வருகிறாள் என்றதும் தேடினால், பெட்டியோடு காணவில்லை. அலுமாரி, சட்டைப் பை, ஐஸ் அறை, படகு, எங்கும் இல்லை. ரெஜிதான் முதலில் வந்து சேர்ந்து, என் காதுக்குக் கிட்ட நின்று கத்தினான்.

"பயப்படாதைங்கோ மாமா, இன்சூரன்ஸ் இருக்கு. பொலிசில ஒரு என்ட்ரி போட்டாப் போதும்."

பொலிஸ்! சண்டைக் காலத்து ஆள் நான். அந்த நாட்களில் வேறொரு இடத்தில், விசாரிக்க என்று உள்ளே கூப்பிட்ட ஒருவனின் செருப்பு வாசலிலேயே கிடந்ததைப் பார்த்தவன். செருப்பு மாதக்கணக்கில் கிடந்தது. ஆள் வரவில்லை.

"நீ போட்டிட்டு வா, நான் படகைப் பாக்கிறன்" என்றேன்.

"சொந்தக்காரர்தான் வரவேணும் மாமா."

என் மனைவி பிலோமினா, "போங்கோ, நான் துலைஞ்சதைத் தேடித் தாற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறன்" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

நிலையத்தில் நிலம் கழுவியிருந்தார்கள். ரெஜி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். சார்ஜன் நல்ல மனிதர். சிங்களம் கலந்த தமிழில் கேள்வி கேட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுபடி கேட்கவும் பயம். ஆகவே மரியாதையாக எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். பிறகு ரெஜி சொன்னபடி கேள்விகள் இவை:

"ஐயா, களவு போனதா?"

"ஓம்."

"யாரிலயும் சந்தேகமா?"

"ஓம்."

"வீட்டு ஆளா?"

"ஓம்."

சார்ஜன் சிரித்துக்கொண்டே விரலால் காட்டினார். "இந்த மருமகனா?"

"ஓம், ஓம்" என்று இரண்டு தரம் தலையாட்டினேன்.

ரெஜியின் முகம் வெளுத்தது. சார்ஜன் அவன் தோளில் கை போட்டு உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தப்பட்டது. நான் மர வாங்கில் தனியே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ரெஜியின் செருப்பு கிடந்தது.

செருப்பையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தேன். மகளுக்கு என்ன சொல்வேன்? பிள்ளைகளுக்குத் தகப்பன் எங்கே என்பேன்? செபம் சொல்லப் பார்த்தால் நடுவில் மறந்துபோனது. சட்டென்று எழுந்து, இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டியபடி கத்தினேன். (செவிடன் கத்தினால் எப்படியிருக்கும்? எதிர்க்கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.)

"அவனை விடுங்கோ! நான்தான் எடுத்தனான்! நான்தான் ஒளிச்சு வைச்சனான்!"

கதவு திறந்தது. உள்ளே ரெஜி கதிரையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். மாமாவுக்கு எத்தனை காலமாகக் காது கேட்பதில்லை என்று சார்ஜன் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

அவர் என் காதுக்குக் கிட்ட வந்து, "எங்க ஒளிச்சது ஐயா?" என்று கத்தினார்.

நான் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். அந்த நேரம் ரெஜிக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு அவன் வாங்கில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என் காதுக்குள் கத்தினான்.

"மாமா! மாமி அந்தோனியார் சுரூபத்தைத் துடைக்கத் தூக்கினவாவாம். காது மிசின் அவருக்குப் பின்னால கிடக்காம்!"

அப்போதுதான் நினைவு வந்தது. போன முறை மகள் போனதும், கருவி தேயாமல் இருக்கப் பாதுகாப்பான இடம் பார்த்து நானே வைத்தது.

சார்ஜன் பேனையை மூடினார். "ஐயா சொன்னது உண்மைதானே" என்றார்.

இப்போது வீட்டில் ரிமோட் காணாமல் போனாலும் பேரப்பிள்ளைகள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "நான்தான் எடுத்தனான்!" என்று கத்துகிறார்கள். அதைப் பொறுப்பேன். பொறுக்க முடியாதது பிலோமினா கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் சொல்லும் சாட்சி. "அந்தோனியார் மிசினையும் தந்தவர், மருமகனையும் மீட்டவர்" என்கிறாள். சனம் கைதட்டுகிறது. நான் முன் வாங்கில், காதில் கருவியோடு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பெயர் வரவேயில்லை.

அந்தோனியாரோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. நான் ஒளிக்காமல் அவர் எதைக் கண்டுபிடித்திருப்பார்? மருமகனுக்காக விலங்குக்குக் கை நீட்டியது யார்? அவர் வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் நின்றார்; பொலிசுக்குப் போனவன் நான். வருகிற செவ்வாய் சாட்சியில் என் பெயரும் வர வேண்டும். அவருடைய பெயருக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை.