ஐந்து அலமாரிக்காரர்

முதுகெலும்பிகளில் ஒரு வகை உண்டு. பாடப்புத்தகம் அதைச் சொல்வதில்லை. மற்ற முதுகெலும்பிகளை வகைபிரித்துக்கொண்டே உயிர்வாழும் வகை அது. செவுள் இல்லை, சிறகு இல்லை; மூக்குக்கண்ணாடி உண்டு. நீங்கள் உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் உங்களை ஒரு வகுப்பில் சேர்த்துவிடும்.

நம்மவர் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகப் பொறுப்பாளர். மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்து அலமாரிகள். முப்பது வருடமாகச் சாவி அவர் இடுப்பில். மனிதர்களுக்கும் அதே ஐந்துதான். எதைக் கேட்டாலும் வாயைத் திறந்து திறந்து மூடும் மாடிவீட்டுக்காரர் மீன், அலுவலகத்தில் ஒரு பேச்சும் வீட்டில் ஒரு பேச்சும் பேசும் மைத்துனர் இருவாழ்வி, ஒரு வீட்டில் ஆறு மாதம் தங்காத தங்கை பறவை, கல்லூரி முதல்வருக்கோ அலமாரியே கிடையாது, அதற்கு முதுகெலும்பு வேண்டும். பாலூட்டி? அவர் மட்டும். மனைவியைச் சேர்ப்பது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் மகள் ஒருவனை ஆய்வகத்துக்கே அழைத்து வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள ஆசை. அவன் கை கொடுத்தான். கை ஜில்லென்றிருந்தது. சிரிக்கவும் இல்லை. போதாதா? மகளை மீன் அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஊர்வன. குளிர் ரத்தம். வேண்டாம்மா."

"மழையில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கார்ப்பா. கை சில்லுனு இல்லாம எப்படி இருக்கும்?"

"வெளியில இருக்கிற சூட்டுக்குத் தகுந்த மாதிரி உடம்பு மாறுதுல்ல? அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீங்க வேண்டாம்னா மீறிப் பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன். இதை ஒரு சீட்டுல எழுதி என் நெத்தியில ஒட்டிடுங்க."

அதற்குள் அவன் ஊர்வன அலமாரிக்கு முன்னால் குனிந்து ஒரு ஃபார்மலின் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இது பாம்பா?"

"சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"பாம்புன்னுதான். ஆனா கண்ணுக்கு இமை இருக்கே. ஒரு கண்ணு பாதி மூடியிருக்கு, பாருங்க."

பாம்புக்கு இமை கிடையாது. முதல் வருட மாணவனுக்கும் தெரியும். அவர் புட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இமை. அதற்குப் பின்னால் காதுத் துளை. காலில்லாத பல்லி! கால் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த வாரம் 'பாம்பு' என்று எழுதி ஒட்டியவர் அவரேதான். முப்பது வகுப்புகள் அதைப் பாம்பாக வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிப் போயிருந்தன.

ஒரு மனிதன் மாற இதைவிட என்ன வேண்டும்? மாறினார். சீட்டைச் சுரண்டி எடுத்தார். தன் நாற்காலியைத் துடைத்து அவனுக்குப் போட்டார். மகளின் காதோரம் குனிந்தார்.

"தேதி பாரும்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்பா!"

"ஃபார்மலினுக்கு வெளியில நின்னே இமையைப் பாத்துட்டான். என்ன கண்ணு, கழுகுக் கண்ணு! இவன் பறவை."

மகள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சம்மதம் எந்த அலமாரியிலிருந்து வந்தால் என்ன?

ஆக, இந்த வகை திருந்துவதில்லை. அலமாரி மாற்றிப் போடும். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? அலைய வேண்டாம். நாளை உங்கள் வீட்டு அழைப்புமணி அடிக்கும். கதவிடுக்கில் வந்தவரின் காலணியைப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல் சொல்வீர்கள். அந்தச் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள்.