கரையேறாத வீடு

டவுண் வீட்டை விற்றுவிட்டுச் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில் வீடு கட்டுவது என்று முடிவெடுத்தேன். கரையில் குடியேறினால்தான் வாழ்க்கை கரையேறும்! இடமும் பார்த்தாயிற்று. பலவேசம் அண்ணாச்சியின் தோப்பை ஒட்டி அவருடையதே இருபது சென்ட்.

என் மனைவி சுடலைவடிவு டவுணில் தையல் கடை வைத்திருக்கிறாள். லேசில் சம்மதிக்க மாட்டாள் என்று மூன்று நாள் கண்ணாடி முன் நின்று வாதாடிப் பழகினேன். விஷயத்தைச் சொன்னதும், "சரிங்க, கட்டுவோம்" என்றாள். பழகியதெல்லாம் வீண்.

"ஆனா மொதல்ல பிள்ளையளோட ரெண்டு நாள் அங்கன கூடாரம் போட்டுத் தங்கிப் பாப்போம். அதுகளுக்கு ஒத்துக்கிடணும்லா?"

சனிக்கிழமை மதியம் கூடாரம் அடித்தேன். அது மூன்று முறை என்னை அடித்தது.

சாயங்காலம் திடீரென்று காற்று நின்றது. மருத மரங்களில் ஓர் இலை அசையவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டிருந்த மைனாக்கள் சொல்லிவைத்தாற்போல வாயை மூடின. என் ஆறு வயது மகள் தேன்மொழி ஆற்றைப் பார்த்துக் கையசைத்தாள்.

"யாருக்குட்டி டாட்டா காட்டுத?"

"அந்த அக்காவுக்கு."

"எந்த அக்கா?"

"பாறையில உக்காந்து தலை துவட்டுதால்லா, அவதான்."

பாறையில் யாருமில்லை. ஆனால் அதன் உச்சி மட்டும் ஈரமாக இருந்தது.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவன். பேயே கிடையாது என்று வருடத்துக்கு நாலு தடவை வகுப்பில் முழங்குகிறவன். அதனால் பயப்படவில்லை. கூடாரத்து முளைகளை மட்டும் இன்னொரு சுற்று இறுக்கி அடித்தேன்.

"இதுக்கு ஏன் முழிக்கிய?" என்றாள் சுடலைவடிவு. "ஆத்தங்கரைன்னா நாலு பேரு வந்து போகத்தான் செய்வாவ."

"நாலு பேரா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வீடு கட்டிட்டா பைய பழகிரும்."

பெயரிலேயே சுடலையை வைத்திருப்பவளுக்கு என்ன!

எலுமிச்சை சாதம் சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் நாலு பேர். தேன்மொழி ஐந்தாவதாக ஒரு தட்டை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தாள். சுடலைவடிவு மறுபேச்சில்லாமல் அதிலும் ஒரு கரண்டி வைத்தாள். அந்தத் தட்டுக்கு நேர் மேலே பார்த்து என் மகன் இசக்கி சிரித்தான். அவனுக்கு மூன்று வயது. நடிக்கத் தெரியாத வயது.

நான் சாப்பிடவில்லை. தூங்கவும் இல்லை.

விடியும்போது ஆற்றை மூடிப் பனி நின்றது. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தேன். மணலில் கால்தடங்கள். ஆற்றிலிருந்து கூடாரத்துக்கு வந்திருந்தன. திரும்பிப் போனதற்குத் தடமே இல்லை.

அப்படியானால் வந்தவள் உள்ளே!

தலைகளை எண்ணினேன். மூன்று. இன்னொரு முறை எண்ணினேன். நாலு. அந்த நாலாவது தலை என்னுடையது என்று புரிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"வடிவு, எந்திரி. இந்த ஈரம் பிள்ளையளுக்கு ஒத்துக்கிடாது. டவுண்லயே இருந்துருவோம்."

"அய்யோ, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கே! பேச்சுத்துணைக்கு ஆளு வேற இருக்கு."

"அந்த ஆளு வேண்டாம்னுதாம்ட்டி சொல்லுதேன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆசை காட்டிட்டு இப்படிச் சொல்லுதியளே. ஆறு இல்லாம என் மனசு எப்படி ஆறும்?"

"நான் படிக்கிற முன்னறையை நீயே எடுத்துக்க. உன் கடையை அங்கன வச்சுக்க. போதுமா?"

"ஏதோ, உங்களுக்காக விட்டுக்குடுக்கேன்" என்றவள், என்னைவிட வேகமாகக் கூடாரத்தைச் சுருட்டினாள்.

அன்று சாயங்காலமே பலவேசம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன வே வாத்தியாரே, திடீர்னு இடம் வேண்டாம்னுட்டீரு?"

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டிய அண்ணாச்சி. பிள்ள கண்ணால பாத்திருக்கு. ஏட்டி தேனு, அந்த அக்கா எப்படி இருந்தான்னு மாமாக்குச் சொல்லு."

தேன்மொழி விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"யம்மா, அந்த அக்காவுக்கு என்ன கலர் பாவாடைன்னு சொல்லிக் குடுத்த? மறந்துபோச்சு!"