உன் மூக்குக்கும் என் எலும்புக்கும் நடுவே சூரியன்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. இங்கே என் எலும்புகளைத் தவிர அனைவரும் நலம். அங்கே உன் மூக்கின் நலம் அறிய ஆவல்.

மூக்கிலிருந்த மச்சத்தை வெட்டி எடுத்த நாளிலிருந்து, "வெயில்ல தலையே காட்டாதடா, எல்லாம் அதோட வேலைதான்" என்று போனில் மிரட்டுகிறாய். இங்கே எலும்பு மருத்துவரோ என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க வெயிலையே பார்த்ததில்லையா சார்? இப்படியே இருந்தா பேத்தியைத் தூக்கவே பயப்படணும்" என்றார். மகள் கைக்குழந்தையோடு வரும் வெள்ளிக்கிழமை வருகிறாள். அந்தக் குழந்தையை நான் இன்னும் தொட்டதுகூட இல்லை. யார் பேச்சைக் கேட்பது, நீயே சொல்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்டுடியோ இருட்டறையில் முப்பத்து நாலு வருடம் படம் கழுவியவன் நான். சாவித் துவாரம் வழியாக ஒரு துளி வெளிச்சம் வந்தால் ஒரு கல்யாணமே பாழ். அதனால் தொழில்முறையிலேயே முடிவு செய்தேன். புதுப் போட்டோ பேப்பர் வந்தால் ஒரு துண்டை அட்டையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வெளிச்சம் காட்டுவோம். பட்டை பட்டையாக விழும், எந்தப் பட்டை சரியோ அதுதான் கணக்கு. போன மாதம் மொட்டை மாடியில் என் இடது கையை நீட்டி, அட்டையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்தினேன். ஐந்து பட்டைகள் விழுந்தன! பத்து நிமிடப் பட்டை இதமாக இருந்தது, ஐம்பது நிமிடப் பட்டை செங்கல் நிறமாகி எரிந்தது. இவள் பார்த்துவிட்டு, "என்னங்க இது, வரிக்குதிரைக்கு வாக்கப்பட்ட மாதிரி ஆயிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ அந்த வெயில் மேல் ஒரே ஆச்சரியம் அக்கா. அத்தனை கோடி மைல் தாண்டி, வழியில் எங்கும் நிற்காமல் வந்து, ஒரு கிழவன் கையில் கோணாமல் கோடு போடுகிறதே! இதற்குப் பயந்தா இத்தனை வருடம் கதவைச் சாத்தினேன்? கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினம் பத்தே நிமிடம்தான். இருட்டறைக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், மணி அடித்ததும் இறங்கிவிடுவேன். மருந்தும் கூடவே. நேற்று மருத்துவரே, "தாராளமா தூக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே எலும்புக்குப் பத்து நிமிடம், மிச்சமெல்லாம் உன் மூக்குக்கு வந்த வினை. அளவுதான் அக்கா எல்லாம். இந்தக் கடிதத்தையும் மாடியில் கையில்லாத பனியனோடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மணி இன்னும் அடிக்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் மூக்கு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் சொல் மீறாத தம்பி

பின்குறிப்பு: இவள் குடையோடு ஓடி வந்தாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். இருட்டில் வேலை செய்தவனுக்கு மணிக்குக் காத்திருந்துதான் பழக்கம், முள்ளைப் பார்த்துப் பழக்கமில்லை. ஒன்றரை மணி நேரமாம். கையில் இப்போது பட்டை ஒன்றுமில்லை, கழுத்து வரை எல்லாம் ஒரே செங்கல். நாளை வெள்ளிக்கிழமை. பேத்தியைத் தூக்க எலும்பு தயார். அவளைச் சாய்த்துக்கொள்ளத்தான் உடம்பில் இடமில்லை.